புளியமரத்தடியில் ஒரு தராசு

நெல்லிவாசலுக்கு வந்த காலைப் பேருந்து திரும்பிப் போய்விட்டது. அது கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் புளியமரத்தடியில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து நின்றது. முன்பக்கம் கட்டியிருந்த ஒலிபெருக்கி “பழைய இரும்பு, பித்தளை, ஈயம், பிளாஸ்டிக்” என்று ஒரே ராகத்தில் கூவிக்கொண்டிருந்தது. வந்தவர் அதை நிறுத்தினார். தாழ்ந்த கிளையொன்றில் கயிற்றைச் சுற்றித் தராசின் கொக்கியை மாட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் மண்மேட்டில் உட்கார்ந்தார்.

நான் எதிரே டீக்கடைத் திண்ணையில் இருந்தேன். ஊருக்குப் புதியவன். கேட்டால் பதில் சொல்வது, கேட்காதபோது பார்த்துக்கொண்டிருப்பது என்று வந்தவன்.

ஜவ்வாதுமலையில் ‘நாடு’ என்றால் சில சிற்றூர்கள் சேர்ந்த தொகுதி. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று திருப்பத்தூர்ப் பக்கத்து மலையில் மூன்று நாடுகள். சாமையும் தினையும் விளையும் கொல்லைகள், புளி, கடுக்காய், தேன். கடல் இங்கிருந்து வெகுதூரம். அந்தக் காலை முழுவதும் நான் கடலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரும்புக்காரர் வீட்டு ஓட்டை உடைசலுக்காக வரவில்லை. மரத்துக்கு நூறடி தள்ளி ஒரு கிணற்றைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். கிணற்று வாய்மேல் மூன்று கம்பங்களை நட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டி, அதில் கப்பி தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே நான்கு பேர், வெளியே வடம் பிடித்தபடி எட்டுப் பேர். முழங்காலளவு சேற்றுக்குள் ஒரு ஆயில் என்ஜின் கிடந்தது. அது எப்படி உள்ளே போனது என்பது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது என்பதால் டீக்கடைக்காரம்மா சொன்னார்.

அந்தக் கிணற்றுக்காரப் பெரியவர் வாலிபத்தில் கடன் வாங்கி அந்த என்ஜினை மலைக்கு ஏற்றியவர். மழை இரண்டு வருஷம் பொய்த்தது. வட்டி ஏறியது. கடன் கொடுத்தவரின் ஆட்கள் வந்து என்ஜினைச் சங்கிலியால் கட்டிப் பூட்டு போட்டு, “நாளைக்கு வண்டி கொண்டாந்து ஏத்திக்கிறோம்” என்று சொல்லிப் போனார்கள். அன்றிரவு அண்ணனும் தம்பியும் பூட்டை உடைத்தார்கள். கடப்பாரையால் நெம்பி நெம்பி என்ஜினைக் கிணற்று விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். கடைசித் தள்ளலில் தம்பியின் கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போனது. விடிந்து ஆட்கள் வந்து பார்த்தபோது கிணற்றில் எண்ணெய் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

“அந்தக் காலத்துல அவரு ஒரு எம்டன்” என்று முடித்தார் அந்த அம்மா.

எனக்கு அந்தச் சொல் போதுமாக இருந்தது.

எம்டன் என்றால் எதற்கும் அஞ்சாதவன், கில்லாடி, பொல்லாதவன். தமிழர் வாயில் அது வசவும் பாராட்டும் சேர்ந்த சொல். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் கப்பலின் பெயர். நூறுக்கும் மேற்பட்ட குண்டுகள். உயர் நீதிமன்றச் சுவரில் அதன் நினைவுக்கல் இன்றும் இருக்கிறது. பட்டணத்து மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களோடு அந்தப் பெயரும் ஓடி, ஊர் ஊராகத் தங்கி, இந்த மலைக்கும் ஏறி வந்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அந்த எம்டனை அடித்து நொறுக்கியது.

ஜெர்மானியர் அந்தப் பெயரைச் சாகவிடவில்லை. புதிதாகக் கட்டிய ஒரு சிறு குரூசருக்கு அதையே சூட்டி, முகப்பில் இரும்புச் சிலுவை பொறித்தார்கள். இந்த இரண்டாவது எம்டனின் தளத்தில் நின்றுதான், 1919இல் ஒரு தளபதி தன் கடற்படை முழுவதையும் தானே மூழ்கடிக்கச் சொன்னார்.

கிணற்றில் வடம் முறுகும் சத்தம் கேட்டது. “மெதுவா, மெதுவா” என்று உள்ளிருந்து குரல். என்ஜின் ஒரு சாண் எழும்பியிருக்கும். வடம் பட்டென்று அறுந்தது. வெளியே பிடித்திருந்த எட்டுப் பேரும் பின்னால் விழுந்தார்கள். உள்ளே யாருக்கும் அடியில்லை. இரும்புக்காரர் எழுந்து போய்த் தன் வண்டிப் பெட்டியிலிருந்து எஃகுக் கம்பிவடம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்தே வந்தவர் போலிருந்தது.

பெரியவர் கிணற்றடிக்குப் போகவில்லை. எண்பது வயது இருக்கும். கொல்லை ஓரத்தில் ஒரு நடுகல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் வில்லேந்திய வீரன், அவன் மேல் தைத்த அம்புகள். இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட கற்களை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். மாடு கவர வந்தவனோடு சண்டை போட்டு, மாட்டை மீட்டு, உயிரை விட்டவர்கள். கவர்ந்தவனுக்கு வெட்சிப் பூ, மீட்டவனுக்குக் கரந்தைப் பூ என்று பழந்தமிழர் பிரித்து வைத்திருந்தார்கள். தன் மாட்டைத் தானே கொன்றுவிட்டு நின்றவனுக்கு என்ன பூ என்று அவர்கள் சொல்லவில்லை.

1918 நவம்பர் 11 அன்று போர் நின்றது. போர்நிறுத்த உடன்படிக்கைப்படி ஜெர்மன் கடற்படையின் பெரும்பகுதி தடுப்புக்காவலுக்குப் போக வேண்டும். நவம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரத்துக்கு வெளியே, இருபுறமும் நேசநாட்டுக் கப்பல்கள் அணிவகுத்து நிற்க, நடுவில் அந்தக் கப்பல்கள் வந்தன. மாலையில் கொடியை இறக்கச் சொன்னார்கள். அங்கிருந்து வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்கேப்பா ஃப்ளோ என்ற அகன்ற கடல்குடாவுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய போர்க்கப்பல் 11, போர்க்குரூசர் 5, இலகு குரூசர் 8, நாசகாரி 50. ஆக 74.

ஏழு மாதம். பீரங்கிகளின் பூட்டுப்பாகங்களைக் கழற்றியிருந்தார்கள். கரையில் கால் வைக்க அனுமதி இல்லை, ஒரு கப்பல்காரன் அடுத்த கப்பலுக்குப் போகவும் கூடாது. கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள். சாப்பாடு ஜெர்மனியிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் எப்போதும் ஒரே மாதிரி. மாலுமிகள் மீனும் கடற்பறவையும் பிடித்துத் தின்றார்கள். பல்வலி வந்தால் பார்க்க வைத்தியர் கிடையாது. ஜெர்மனியில் புரட்சி நடந்திருந்த காலம். மாலுமிகளில் ஒரு பகுதியினர் அதிகாரிகளின் சொல்லைக் கேட்கவில்லை. தளபதி லுட்விக் ஃபான் ராய்ட்டரின் அறைக்கு மேலேயே நின்று இரவெல்லாம் தளத்தை மிதித்து அவரைத் தூங்கவிடாமல் செய்தார்கள். அவர் தன் பெரிய கப்பலை விட்டு, சற்று அமைதியாக இருந்த எம்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

இந்தக் கப்பல்களை என்ன செய்வது என்று பாரிஸில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் பங்கு கேட்டது, இத்தாலியும் கேட்டது. ராய்ட்டருக்குச் செய்தி சில நாள் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில்தான் கிடைத்தது. போர்நிறுத்தத்தின் கெடு முடிந்ததும் கப்பல்களைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவர் முடிவுக்கு வந்தார். கலகக்கார மாலுமிகளையெல்லாம் ஊருக்கு அனுப்பி, ஆள் எண்ணிக்கையை ஆயிரத்து எழுநூறு அளவுக்குக் குறைத்தார். பிறகு ஒவ்வொரு கப்பல் தலைவனுக்கும் ரகசியக் கடிதம் போனது.

1919 ஜூன் 21, சனிக்கிழமை. காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு, அதன் தலைவர் சிட்னி ஃப்ரீமேன்டிலோடு, காலையில் பயிற்சிக்காக வெளிக்கடலுக்குப் போயிருந்தது. எம்டனில் கொடிச் செய்கை ஏறியது. கப்பலடியில் கடல்நீரை உள்ளே விடும் வால்வுகளைத் திறந்தார்கள். திரும்ப மூட முடியாதபடி கைப்பிடிகளைக் கடலில் எறிந்தார்கள். உள்கதவுகளைத் திறந்து போட்டார்கள். முதலில் ராய்ட்டர் விட்டு வந்த அந்தப் பழைய கப்பலே, ஃப்ரீட்ரிஷ் டெர் குரோஸ, பன்னிரண்டே கால் மணிக்குப் போனது. மணி அடித்துக்கொண்டே மூழ்கியது என்பார்கள். கடைசியாகப் போனது ஹிண்டன்பர்க், மாலை ஐந்து மணிக்கு. 52 கப்பல்கள், ஒரே நாளில். மற்றவற்றை பிரிட்டிஷ் படகுகள் கரைக்கு இழுத்துத் தரைதட்டவைத்தன.

அன்று அந்தக் குடாவில் சம்பந்தமே இல்லாத சாட்சிகள் இருந்தார்கள். ஸ்ட்ராம்னஸ் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ‘ஃப்ளையிங் கெஸ்ட்ரல்’ என்ற படகில் ஏற்றி, சிறைப்பட்ட கப்பல்களைக் காட்டக் கூட்டிவந்திருந்தார்கள். காலையில் போர்க்கப்பல்களை வேடிக்கை பார்த்த பிள்ளைகள், மதியம் அவை சாய்ந்து கவிழ்வதைப் பார்த்தார்கள். பெர்னார்டு கிரிபிள் என்ற ஓவியர் ஒரு காவல் படகில் இருந்தார். கையிலிருந்த தாளில் வரைந்துகொண்டே இருந்தார். தடுக்கவும் முடியாது, உதவவும் முடியாது. பார்த்ததைக் கோடாகப் போட மட்டும் முடியும். அவருடைய நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

காவல் படகுகளில் இருந்தவர்கள் பதறிப்போய்ச் சுட்டார்கள். உயிர்ப்படகுகளில் இறங்கியவர்களையும் சுட்டார்கள். ஒன்பது ஜெர்மானியர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் மார்க்கிராஃப் கப்பலின் தலைவர் வால்டர் ஷூமான். பீரங்கி சுட்டு ஏழு மாதம் ஆகிவிட்டது. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாக ஏழு நாள்தான் மீதி. முதல் உலகப்போரின் கடைசிப் பலிகள் இவர்கள்தான் என்று சொல்வதுண்டு. அந்த ஒன்பது பேரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். இரும்புக்காக இரும்பே மனிதனைத் தின்ற நாள் அது. ராய்ட்டர் செய்தது மானமா துரோகமா என்று நூறு வருஷமாக வாதாடுகிறார்கள். கடமையைச் செய்தார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கையில் ஆயுதமே இல்லாதவர்களைச் சுட்டதற்கு எந்தப் பக்கத்திலும் நியாயம் கிடையாது.

கிணற்றிலிருந்து இப்போது வேறு சத்தம். கம்பிவடம் இறுகியது. “ஏலே, இன்னொரு ஆளு வாங்கப்பா” என்று கூப்பிட்டார்கள். பெரியவரின் தம்பிதான் எழுந்து போனார். எழுபது தாண்டியவர். எட்டு விரலால் வடத்தைப் பிடித்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஸ்கேப்பாவில் கிடந்ததை எடுக்க வந்தவரும் ஒரு பழைய இரும்பு வியாபாரிதான். நம் ஊரில் காயலான் கடை என்கிறோமே, காயல்பட்டினத்தார் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள், அப்படிப்பட்ட கடைக்காரர். பெயர் எர்னஸ்ட் காக்ஸ். வாழ்க்கையில் ஒரு கப்பலையும் கடலடியிலிருந்து எடுத்தவரில்லை. “அங்கேயே துருப்பிடித்துக் கிடக்கட்டும்” என்று கடற்படைத் தலைமை கைகழுவிய கப்பல்களை 1924இல் விலை பேசினார். 26 நாசகாரிகள், இரண்டு பெரிய கப்பல்கள். அதே ஜெர்மானியரிடமிருந்து பிரிட்டன் வாங்கிய ஒரு மிதவைத் துறையை வெட்டி, அதன்மேல் கைச்சக்கரங்களை வரிசையாக வைத்தார். சங்கிலி போட்டு முதல் நாசகாரியைத் தூக்கியபோது சங்கிலி அறுந்து இரும்புத் துண்டுகள் பறந்தன. காக்ஸ் சங்கிலியை மாற்றி எஃகுக் கம்பிவடம் போட்டார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று வி 70 மேலே வந்தது. 1926க்குள் வாங்கிய நாசகாரிகளை எடுத்து முடித்தார்.

அந்த வருஷம் இங்கிலாந்தில் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம். நிலக்கரி கிடைக்கவில்லை, விலையும் ஏறியது. காக்ஸின் ஆட்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த ஸைட்லிட்ஸ் கப்பலை ஓட்டை போட்டு, ஏழு வருஷமாக உப்புத்தண்ணீரில் கிடந்த அதன் நிலக்கரியை அள்ளித் தங்கள் கொதிகலனில் போட்டார்கள். மூழ்கிய கப்பலின் கரியை எரித்தே மூழ்கிய கப்பல்களைத் தூக்கினார்கள்.

பெரிய கப்பல்கள் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தன. அவற்றைக் கவிழ்ந்தபடியேதான் எடுக்க வேண்டும். ஓட்டைகளை அடைத்து உள்ளே காற்றை அழுத்திச் செலுத்தினால், காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், ஓடு மிதக்கும். ஆழத்தில் கிடந்த ஓட்டின் மேல் நீண்ட இரும்புக் குழாய்களை நட்டு, அவற்றின் வழியாகத் தொழிலாளிகள் இறங்கினார்கள். உள்ளே தரைதான் கூரை, கூரைதான் தரை. காற்றழுத்தம் குறைந்தால் திடீரென்று மூடுபனி கவியும். இருட்டு, எண்ணெய் நாற்றம், அழுகிய காற்று. ஆர்க்னித் தீவுகளின் பையன்கள் பலர் அந்த வேலையில் சேர்ந்தார்கள்.

ஹிண்டன்பர்க் மட்டும் நிமிர்ந்தபடியே அமர்ந்திருந்தது. அதை மூழ்குநர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஒட்டுகளால் அடைத்தார்கள். ஒட்டுகளின் இடைவெளியில் பூசிய கொழுப்பைச் சின்ன மீன்கள் வந்து தின்றுவிட்டன. கொழுப்போடு சிமென்ட் கலந்தார்கள். மீன்கள் விட்டுவிட்டன. 1926இல் எடுத்த முயற்சி தோற்றது. 1930 ஜூலையில்தான் அது மேலே வந்தது. இடையில் 1927இல் மோல்ட்கே தலைகீழாக எழுந்தது. அந்தக் கவிழ்ந்த ஓட்டின்மேலே குடிசையும் அடுப்பும் கட்டி ஆட்கள் குடியிருக்க, ஜெர்மன் இழுவைப் படகுகளே அதை ரோசைத் உடைப்புத் துறைமுகத்துக்கு இழுத்துப் போயின.

1931இல் கப்பலொன்றின் உள்ளே வெடிப்பு ஏற்பட்டு ஒரு தச்சர் இறந்தார். காக்ஸுக்கு மனம் விட்டுப்போயிற்று. எட்டு வருஷம் உழைத்தும் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 10,000 பவுண்டு நட்டம் என்கிறார்கள். மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் தொடர்ந்து எடுத்தது. டெர்ஃப்லிங்கர் 1939இல் எழும்பியபோது அடுத்த போர் வந்துவிட்டது. அந்தப் போர் முடியும்வரை அது தலைகீழாகவே மிதந்துகொண்டிருந்தது.

அணுகுண்டு வெடித்த 1945க்குப் பிறகு உருக்கிய எஃகில் காற்றிலிருந்து கதிரியக்கத் துகள் சிறிது கலந்துவிட்டது. கதிர்வீச்சை அளக்கும் நுண்கருவிகளுக்குச் சுத்தமான எஃகு தேவைப்பட்டபோது, அதற்கு முன்பே கடலடிக்குப் போன ஸ்கேப்பாவின் எஃகு உதவியது. யாருக்கும் கிடைக்கக்கூடாது என்று மூழ்கடித்த இரும்பு.

பிற்பகல் மூன்று மணிக்கு என்ஜின் கிணற்று வாய்க்கு மேலே வந்தது. சேறு வழிய, வேர்கள் தொங்க, கப்பியில் மெல்லச் சுழன்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். தம்பிதான் அதைக் கரைப்பக்கம் இழுத்துத் தரையில் இறக்கினார். கீழே உட்கார்ந்ததும் ஓரத்துச் சேற்றை விரலால் வழித்துப் பார்த்தார். பக்கத்துச் சக்கரம் இல்லை. துருவில் கழன்று கீழேயே நின்றுவிட்டது.

“சக்கரத்தையும் எடுத்துடலாங்க. அதுதான் கனம்” என்றார் இரும்புக்காரர்.

உள்ளே ஊற்று கண் திறந்திருந்தது. தண்ணீர் இடுப்புக்கு ஏறிவிட்டது. ஆட்கள் மேலே வந்துகொண்டிருந்தார்கள்.

“இருக்கட்டும் தம்பி” என்றார் பெரியவர். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

என்ஜினைக் கிளைத் தராசு தாங்காது. இரும்புக்காரர் கையால் தட்டி, சுற்றி வந்து, மதிப்புப் போட்டு ஒரு தொகை சொன்னார். தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையசைத்தார். பணத்தை வாங்கிய தம்பி அதை எண்ணாமல் அண்ணன் மடியில் வைத்தார். பெரியவர் அதிலிருந்து ஒரு நோட்டை உருவித் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, விரல்கள் இல்லாத அந்தப் பக்கத்தை மூடினார். புதூர்நாட்டிலிருந்து வரச் சொன்ன குட்டியானை வண்டி மேட்டில் ஹாரன் அடித்தது. தராசைக் கழற்றினார்கள். மாலைப் பேருந்து வரும் நேரம் ஆகிவிட்டது. நான் எழுந்தேன்.

ஸ்கேப்பா ஃப்ளோவில் ஏழு கப்பல்கள் எடுக்கப்படாமல் கிடக்கின்றன. 2001 முதல் அவை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். சுட்டுக் கொல்லப்பட்ட ஜெர்மானியர் ஹாய் தீவில் லைனெஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், ஷூமானும் அங்கேதான். அவருடைய மார்க்கிராஃப் ஏறக்குறைய 45 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடக்கிறது.